மூக்காயி இரண்டாம் தடவை தின்றது

அந்தக் காலத்தில் மாடும் எலியும் வழியில் நின்று பேசிக்கொள்ளும். அப்போது கரிசல்காட்டு வெள்ளெலிகளுக்கு ஒரு வீறாப்பு உண்டு. மலம் கழிக்க வளைக்கு வெளியே போவார்கள். கழித்ததைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

மழை பெய்யாத ஒரு வருஷம், கூட்டம் மொத்தமும் கண்மாய்க்கரைக்குக் கிளம்பியது. மூக்காயி என்ற வெள்ளெலிக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது.

"கண்ணே திறக்கல. இந்த வெயில்ல எப்படித் தூக்கிட்டு வர, மதினி?"

"அப்ப நீ இருந்து வா" என்று சொல்லிவிட்டு மதினியும் போய்விட்டாள்.

அதன்பிறகு பக்கத்து வளைகளில் சத்தமே இல்லை. தான் கொறிப்பது மட்டும் மூக்காயிக்குக் கேட்டது.

தானியம் கிடையாது, காய்ந்த புல்தான். வயிறு முட்டத் தின்பாள். போனது போனபடியே வெளியே வரும். பால் வற்றியது. புல் கொறிக்கப் பழகிய குட்டியும் சருகு மாதிரி லேசாகிக்கொண்டே வந்தான்.

மேய வந்த மயிலைக்காளையிடம் கேட்டாள். "இதே புல்லைத்தானே நீங்களும் திங்கிறீங்க. எப்படிண்ணே தாங்குது?"

"முதல் தடவை புல்லு ஒண்ணும் குடுக்காது தாயி. நான் திரும்ப வாய்க்குக் கொண்டாந்து மெல்லுவேன். நீயும் கொண்டா."

மூக்காயி எக்கி எக்கிப் பார்த்தாள். எலி விழுங்கியது மேலே வராதே!

அன்று வெளியே போகத் தெம்பில்லை. வளை மூலையிலேயே ஒதுங்கினாள். கழித்தது மெத்தென்று, புளித்த மாவு வாசத்தோடு கிடந்தது. புல்லில் இன்னும் சத்து மிச்சம் இருக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்தது. பார்க்க யாருமில்லை. இருந்தும் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றாள். குட்டிக்கும் ஊட்டினாள்.

கொஞ்ச நாளில் குட்டி துள்ளி ஓடினான்.

மழைக்குப் பின் திரும்பிவந்த மதினி, மூக்காயி கழித்ததைத் தின்று குட்டிக்கும் ஊட்டுவதைப் பார்த்துவிட்டாள். "சீச்சீ! பிள்ளைக்குமாடி குடுக்கிற? இனி எங்க பக்கம் அண்டாத."

"பிள்ளை உசுரோட இருக்கான்ல மதினி."

மதினி சொல்லிக் கூட்டமே ஒதுங்கியது. தள்ளிப்போய் வளை தோண்டிக்கொண்டார்கள்.

அடுத்த கோடையில் மதினியின் குட்டி துவண்டான். மதினி தனியாக வந்து, வாசலில் தலைகவிழ்ந்து மண்ணைக் கிளறினாள். மூக்காயி எல்லாம் சொன்னாள். "உள்ள வாங்களேன். பேசி ரொம்ப நாளாச்சு."

"நான் வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று மதினி ஓடிவிட்டாள். பிறகு ஒவ்வொருத்தியும் அப்படித்தான் வந்தாள், அப்படித்தான் போனாள்.

அன்று தொடங்கியதுதான்: எலி இன்றும் மூலையில் சுருண்டு, தான் கழித்ததைத் தானே வாயில் வாங்கி இரண்டாம் தடவை தின்கிறது. பக்கத்து வளையிலும் அதுதான் நடக்கிறது. ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்வதில்லை.