குறையே இல்லாத சாஃப்ட்வேர்

பாளையங்கோட்டையில் விஜயராணி நைட்டிக் கடை திறந்த வாரமே, அவள் அக்கா புருஷன் சந்தானராஜ் ஒரு கணக்கு சாஃப்ட்வேரைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

"லட்ச ரூபாயா அத்தான்? என் சேமிப்பே அவ்வளவுதானே!"

"பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் இதைத்தான் வச்சிருக்கான். கையெழுத்துப் போடு."

"சின்னதா ஒண்ணு போதுமேக்கா," என்றாள் விற்பனைக்கு நிற்கும் பேச்சி.

சந்தானராஜுக்குச் சுருக்கென்றது. "நீ இதுல ஒரு குறை காட்டு, பாப்போம்! ஒரு தடவை பில் போட்டா எந்தக் கொம்பனாலயும் திருத்த முடியாது."

பேச்சி வாசலை ஒரு பார்வை பார்த்தாள். "குறையே இல்ல சார். அடுத்து வாறவங்களுக்கு நீங்களே ஒரு பில் போட்டுக் காட்டுங்க."

வந்தது அவர் மனைவி ரோஸ்லின். வாங்கியதை மாற்றாமல் அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

மெரூனும் நீலமுமாக இரண்டு நைட்டிக்குப் பில் வந்தது. "மெரூன் வேண்டாம், பச்சை குடுங்க."

பில்லைத் திருத்த சென்னையிலிருந்து அனுமதி வரவேண்டும் என்று அடம்பிடித்தது திரை.

"சரி, மெரூனே இருக்கட்டும். அந்த நீலத்தை மாத்திக் குடுங்க."

"பில் போட்டாச்சுன்னா மாத்த முடியாது ரோஸ்லின்!"

"மாத்த முடியாம நான் வச்சிருக்கது உங்க ஒருத்தரைத்தான். நைட்டியை மாத்துங்க!"

விஜயராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள். "பேச்சி, அந்தச் சின்னது எங்க கிடைக்கும்?"