சுருளின் மையம்

"மையம் எங்கே என்று மட்டும் சொல்லுங்கள், மேஸ்திரி. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கேட்டவர் சோசிமோஸ். வயது ஐம்பத்திரண்டு.

கல்தச்சர்களின் மேஸ்திரி கார்ப்போஸ் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். அடிமையாகப் பிறந்து விடுதலை வாங்கியவர். உளியின் முனையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோமர்கள் ஆண்ட ஆசியா மாகாணத்தில், மெயாந்தர் ஆற்றங்கரை நகரம் ஒன்றில் கோயில் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அயோனிய பாணிக் கோயில். ஒவ்வொரு தூணுக்கும் மேலே ஒரு தலைக்கல். அதன் இரு பக்கமும் ஆட்டுக்கடாக் கொம்புபோல ஒரு சுருள். மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே போய், காசளவு வட்டம் ஒன்றில் முடியும். அந்த வட்டத்தைத் தச்சர்கள் கண் என்பார்கள்.

சோசிமோஸ் இருபத்தாறு வருஷம் பானை வனைந்தவர். ஒரு வெள்ளத்தில் ஆறு தடம் மாறி, களிமண் எடுத்த இடமெல்லாம் சரளையாகிவிட்டது. கல்லுக்கு வந்தார். கை நல்ல கை. எது கொடுத்தாலும் செய்தார். சுருள் மட்டும் வரவில்லை.

கவராயத்தின் ஊசியைக் கண்ணின் நடுவில் ஊன்றுவார். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போடுவார். பிறகு ஒரு வட்டத்தையும் அடுத்ததையும் உளியால் இணைத்துவிடுவார். அருகில் நின்று பார்த்தால் குறை தெரியாது.

கார்ப்போஸ் நாற்பது அடி தள்ளி நின்று பார்ப்பவர். முதல் கல்லைப் பார்த்து, தட்டுகளை அடுக்கி வைத்ததுபோல இருக்கிறது என்றார். இரண்டாவதையும் அப்படியே பார்த்தார். அதைச் சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்பினார்.

இப்போது மூன்றாவது கல். இதுவும் சூளைக்குப் போனால் சோசிமோஸ் மலைக்குப் போகவேண்டும், கல் வெட்ட. அது கோயில் அதிகாரியின் உத்தரவு. ஐம்பது தாண்டி அந்த மலைக்குப் போனவர்களில் ஒரு குளிர்காலத்தைத் தாண்டியவர் இல்லை. சோசிமோஸின் மனைவி மெலிதினே அதற்குள் தடித்த கம்பளிப் போர்வையை எடுத்துப் பெட்டிமேல் வைத்திருந்தாள்.

இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றார் கார்ப்போஸ்.

மையத்தைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தேன் என்றார் சோசிமோஸ். சக்கரத்தில் மண் ஒரு நெல் அளவு விலகினால்கூடப் பானை துள்ளி விழும். இருபத்தாறு வருஷம் நடுவைப் பிடித்து உட்கார்ந்தவன் நான் என்றார். நேற்றுவரை இன்னொருவனுக்குத் தண்ணீர் சுமந்தவன் எனக்கு என்ன சொல்வான் என்றும் நினைத்திருந்தார். அதைச் சொல்லவில்லை.

"சொல்லாததும் கேட்டது, பெரியவரே. உங்கள் முகம் சத்தமாகப் பேசும்."

சோசிமோஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

கார்ப்போஸ் ஒரு உடைந்த பலகைக்கல்லை இழுத்துப் போட்டார். கண்ணை வரைந்தார். அதற்குள் ஊசியை ஊன்றிக் கால் வட்டம் இழுத்தார். ஊசியைத் தூக்கினார்.

சோசிமோஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மேஸ்திரி, ஊசி நகர்ந்துவிட்டது."

"நகர்த்தினேன்."

பிடி தளர்ந்தது.

கார்ப்போஸ் துவரம்பருப்பு அளவு தள்ளி ஊசியை ஊன்றினார். கவராயத்தைக் கொஞ்சம் ஒடுக்கினார். மறுபடி கால் வட்டம். கோடு பழைய கோட்டின் முனையைத் தொட்டு, முறிவு தெரியாமல் வளைந்து போயிற்று. மறுபடி ஊசியைத் தூக்கினார்.

மற்ற தச்சர்கள் இப்படித் தூக்கித் தூக்கி வைப்பதை சோசிமோஸ் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கை நிற்காதவர்கள் என்று நினைத்தார். இவர்களை என் சக்கரத்தில் உட்காரவைத்தால் ஒரு சட்டி மிஞ்சாது என்று அவர்கள் காதுபடவே கேலி பேசியிருக்கிறார். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஒருவரும் திருத்தவில்லை.

பன்னிரண்டு முறை ஊசி இடம் மாறியது. கோடு மூன்று சுற்றும் சுற்றிக் கண்ணில் வந்து நின்றது.

சோசிமோஸ் நாற்பது அடி நடந்து போய்த் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து பலகைக்கு முன்னால் மண்டியிட்டார். கண்ணுக்குள் பன்னிரண்டு ஊசித் தடங்கள். ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். திரும்ப ஒருமுறை எண்ணினார்.

"இதில் எது மேஸ்திரி உண்மையான மையம்?"

கார்ப்போஸ் கவராயத்தை அவர் கையில் கொடுத்து, மூன்றாவது கல்லின் பக்கம் அவரைத் திருப்பினார்.

"எந்த வளைவுக்கு?"