வீடு நடந்த நாள்

ஒரு காட்டில், அதுவும் சுலவேசித் தீவின் நடுமலையில், படகை விட்டு இறங்கி மூன்று நாள் நடந்தால் மட்டுமே எட்டக்கூடிய ஒரு காட்டில், மிருகங்கள் வீடு கட்டி வாழ்ந்து வந்தன.

வீடு என்றால் அஸ்திவாரம் தோண்டி எழுப்பிய வீடு இல்லை, குழந்தைகளே. நான்கு தட்டைக் கல். கல்லின்மேல் நான்கு மரக்கால். காலின்மேல் மூங்கில் தரை. அதற்குமேல், தரைக்குக் கீழேயும் தொங்குகிற அளவுக்குப் பெரிய ஓலைக்கூரை. ஓர் இடம் சரிப்படவில்லை என்றால் ஊரே திரண்டு வந்து வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்கும். அடுப்புச் சாம்பல்கூடக் கலையாது.

அதனால் அங்கே மண் வேறு, வீடு வேறு. ஒருவர் மண்ணில் இன்னொருவர் வீடு நிற்கும். யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அந்த வருடம் ஒருவன் கேட்டான்.

அவன் பெயர் பாசோ. கருங்குரங்கு. தந்திரத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. வேலை என்று வந்தால் மட்டும் அவனைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மரக்கிளையில் நனைந்துகொண்டே, "அடுத்த வருடம் ஒரு வீடு கட்டிவிடுவேன்" என்பான். பதினோரு மழைக்காலம் போய்விட்டது. அந்த அடுத்த வருடம் வரவில்லை.

அவனுடைய மரத்துக்கு எதிரே தென்றி என்ற காட்டுப்பன்றியின் வீடு இருந்தது. மூன்று கோடைகள், தனியாளாக, ஒவ்வொரு மூங்கிலாக வாயில் கவ்வி இழுத்து வந்து அவள் கட்டிய வீடு. இப்போது அவள் வயிற்றில் குட்டிகள். மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

பாசோ ஊர்த்தலைவரிடம் போனான். ஊர்த்தலைவர் ஒரு கிழட்டு எருமை. எதையும் நிதானமாக மெல்லுவார், பேச்சையும்.

"தலைவரே, தென்றி வீடு நிற்கிற மண் என்னுடையது."

தலைவர் மென்றார். "எப்படி?"

"என் தாத்தா அங்கே ஒரு மாங்கொட்டையைத் துப்பினார். அது மரமாயிற்று. அப்புறம் புயலில் விழுந்துபோயிற்று. மரம் யாருடையதோ, அதன் நிழல் விழுந்த மண்ணும் அவர்களுடையது. நம் ஊர் வழக்கம்தானே?"

"சாட்சி?"

சாட்சியாக இருவாட்சிப் பறவை வந்தது. பெரிய அலகு, பெரிய வயது. யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவது அதன் குணம்.

"பாசோவின் தாத்தா அந்த இடத்தில் துப்பினாரா?" என்று கேட்டார் தலைவர்.

"ஆமாம், துப்பினார்."

"நிச்சயமாகவா?"

"ஆமாம், நிச்சயமாக. அவர் துப்பாத இடம் இந்தக் காட்டில் ஏது?"

தென்றிக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "அப்படிப் பார்த்தால் இந்தக் காடு முழுக்க அவனுடையதுதான்!"

"அதையும் ஒவ்வொன்றாகக் கேட்பேன்" என்றான் பாசோ.

தலைவர் நெடுநேரம் மென்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "மண் பாசோவுடையது. வீடு தென்றியுடையது. நாளை பொழுது சாயும்வரை அவளுக்கு அவகாசம். சூரியன் மறையும்போதும் வீடு அங்கேயே நின்றால், அது மண்ணுக்காரனுக்கு."

பாசோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுக்கு மண் எதற்கு? அவனுக்கு வேண்டியது கூரை.

தென்றி அன்றே ஓடையைத் தாண்டிப் போனாள். அக்கரையில் ஒரு செம்மண் மேடு இருந்தது. யாருடைய தாத்தாவும் அங்கே எதையும் துப்பவில்லை என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டாள். பிறகு நான்கு தட்டைக் கற்களை மூக்கால் உருட்டி வந்து போட்டாள்.

மறுநாள் காலை ஊரே வந்தது. எட்டு எருமைகள், ஆறு பன்றிகள், நான்கு மான்கள். கூடவே ஓர் ஆமையும் வந்தது. வீடு தூக்குகிற இடத்துக்கெல்லாம் இந்த ஆமை தவறாமல் வரும். ஆனால் அதன் முதுகு எந்த வீட்டுக்கும் எட்டியதில்லை. வீட்டுக்கு அடியில் நடந்துகொண்டே, "ம்... தூக்கு! ம்... விடாதே!" என்று முனகும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கும்.

"வயிற்றுப்பிள்ளைக்காரி நீ தூக்க வேண்டாம் அம்மா. மேட்டுக்குப் போய் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சு" என்றார் தலைவர். தென்றி சோளமும் பானையுமாக முன்னால் போனாள்.

தரைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மூங்கில்களைக் கட்டினார்கள். தூக்குகிறவர்கள் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தால், சுற்றிலும் கூரை ஓலை தொங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் கூரை உச்சியில் ஒருவர் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். எப்போதும் அது இருவாட்சியின் வேலை.

அந்த நேரம் பார்த்து, ஒரு தார் வாழைப்பழத்தோடு பாசோ வந்தான்.

"தாத்தா, இந்த வெயிலில் நீங்கள் ஏன் கூரையில் காய வேண்டும்? நிழலில் உட்கார்ந்து பழம் சாப்பிடுங்கள். நான் வழி சொல்கிறேன்."

"ஆமாம், ஆமாம்" என்றது இருவாட்சி.

"இவனா?" என்று ஓலைக்குள்ளிருந்து ஒரு பன்றி கத்தியது. "நேற்றுத்தானே வழக்குப் போட்டான்!"

"நேற்று வழக்கு. இன்று ஒரே ஊர்" என்றான் பாசோ உருக்கமாக. "வீடு தூக்குகிற நாளில் உதவிக்கு வந்தவனை விரட்டக் கூடாது என்பது நம் வழக்கமா, இல்லையா? தலைவர் சொல்லட்டும்."

தலைவர் மென்றார். "வழக்கம்தான்."

பாசோ உச்சியில் ஏறிக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான். "தூக்கு!"

வீடு எழுந்தது. எழுபத்திரண்டு கால்களில் அது தள்ளாடித் தள்ளாடி நடந்தது. அடியில் இன்னும் நாலு கால் சும்மா நடந்தது.

"நேரே போனால் ஓடை. ஆனால் வழியில் மரம் விழுந்து கிடக்கிறது. வலப்பக்கம் சுற்றிப் போவோம்" என்றான் பாசோ.

வலப்பக்கம் போனார்கள்.

"இன்னும் வலம். பாறை இருக்கிறது, பார்த்து!"

பார்த்துப் போனார்கள். பார்க்க ஒன்றும் தெரியாவிட்டாலும்.

"இன்னும் கொஞ்சம் வலம். ஆகா, என்ன தோள்! என்ன நடை! உங்களைப் போல் ஊர் உண்டா!"

எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. இன்னும் வேகமாக வலப்பக்கம் திரும்பினார்கள். வெயில் ஏறியது. வெயில் உச்சிக்கு வந்தது. வெயில் சாயத் தொடங்கியது.

அக்கரை மேட்டில் தென்றி கஞ்சியைக் கிளறிக்கொண்டே ஓடையைப் பார்த்தாள். வீட்டைக் காணோம். சூரியனைப் பார்த்தாள். மறுபடியும் ஓடையைப் பார்த்தாள். கஞ்சி மூன்றாம் முறையாகக் கெட்டியாயிற்று. மூன்றாம் முறையாகத் தண்ணீர் ஊற்றினாள்.

இங்கே வீட்டுக்கு அடியில் ஆமை நின்றது.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றது.

"தூக்கத்தான் மாட்டாய். சந்தேகம் வேறா?" என்றது ஒரு மான், மூச்சு வாங்கிக்கொண்டே.

"இல்லை மச்சான். இந்தக் கல்லை நான் மூன்றாம் தடவை பார்க்கிறேன்."

"காட்டில் கல் இருக்காதா?"

"இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் இதே விரல் இதே இடத்தில் இடிக்குமா?"

யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடந்தார்கள். நாலு எட்டு வைத்ததும் தலைவரின் முன்கால் எதிலோ மெத்தென்று அழுந்தியது. அவர் நின்றார். அவர் நின்றதால் வீடும் நின்றது.

"இது யார் போட்ட சாணம்?" என்றார் தலைவர்.

தலைவர் குனிந்து முகர்ந்தார். முகர்ந்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"என்னுடையது" என்றார். "காலையில், வீட்டைத் தூக்குவதற்கு முன்னால் போட்டது."

ஒரு பன்றி சீறியது. "அப்படியானால் நாம் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்! அந்தப் பயல் நம்மைச் செக்கு மாடாகச் சுற்றவிட்டிருக்கிறான்! பொழுது சாயும்போது அவன் மண்ணிலேயே இறக்கவைத்துவிடுவான்! விடுங்கள் என்னை. மேலே ஏறி அவன் வாலைக் கடிக்கிறேன்!"

"நீ வெளியே போனால் உன் பக்கம் வீடு சாயும்" என்றார் தலைவர். "சத்தம் போடாதே."

"வழி தெரியாமல் என்ன செய்வது?" என்றது மான். "சொல்ல ஆளில்லையே!"

தலைவர் நிதானமாகச் சொன்னார். "பிறந்ததிலிருந்து இந்தக் காட்டில்தானே நடக்கிறோம்? இடப்பக்கம் தரை சரிகிறது பார். அது ஓடைக்கு இறக்கம். கால் நனைந்தால் ஓடை. நனைந்த கால் மறுபடி ஏறினால் மேடு. அங்கே கஞ்சி மணக்கும். கண்ணை அவனிடம் கொடுத்தோம், சரி. காலையும் ஏன் கொடுத்தோம்?"

மேலேயிருந்து பாசோவின் குரல் வந்தது. சூரியன் மலை விளிம்பை நெருங்கியிருந்தது. "வந்துவிட்டது! செம்மண் மேடு வந்துவிட்டது! இறக்கு!"

"சரி அண்ணே!" என்றார்கள் எல்லோரும். வீடு இடப்பக்கம் திரும்பி நடந்தது.

"ஏய், இறக்கு என்றேன்!"

"இறக்குகிறோம் அண்ணே!" வீடு வேகமாக நடந்தது.

"நில்லுங்கள்!"

"நின்றுவிட்டோம் அண்ணே!" வீடு ஓடியது.

பாசோவுக்கு வேர்த்தது. குதித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். ஆனால் காலையிலிருந்தே அது அவன் வீடாகிவிட்டிருந்தது, அவன் மனத்துக்குள். தன் வீட்டை விட்டு யார் குதிப்பார்கள்? கூரையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஓடைக்கரையில் அவனுக்குக் கடைசியாக ஒன்று தோன்றியது. "முதலை!" என்று அலறினான். "இதோ வாயைத் திறக்கிறது! திரும்புங்கள்!"

மான்களின் பதினாறு கால்களும் இன்னொரு நாலு காலும் சேர்ந்து வெடவெடத்தன. வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "முதலையாமே, தலைவரே!"

"நீ பார்த்தாயா?"

"இல்லை."

"உன் கால் என்ன சொல்கிறது?"

மான் கொஞ்சம் தயங்கியது. "நனைந்திருக்கிறேன் என்கிறது."

"வேறு ஏதாவது?"

"வேறு ஒன்றும் சொல்லவில்லை."

"அப்படியானால் நட."

நடந்தார்கள். ஆமை மட்டும் மிதந்து வந்தது, "ம்... தூக்கு!" என்று சொல்லிக்கொண்டே. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது, மறுபடி முழங்காலுக்கு இறங்கியது. பிறகு தரை ஏறத் தொடங்கியது. பிறகு, அடடா, சோளக் கஞ்சி மணந்தது.

தென்றி அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மலைக்குமேல் சூரியன் ஒரு விரல் அகலம்தான் மீதி இருந்தது. அந்த வெளிச்சத்தில், உச்சக் குரலில் கத்திக்கொண்டிருக்கும் ஒரு குரங்கைத் தலையில் வைத்துக்கொண்டு, அவள் வீடு மேடேறி வந்தது.

"முன்னே வாங்க அண்ணே! இன்னும் ஒரு எட்டு! கொஞ்சம் இந்தப் பக்கம்! போதும், போதும்... இறக்குங்க!" என்று வழி சொன்னாள் தென்றி.

நான்கு மரக்கால்களும் நான்கு கல்லில் உட்கார்ந்தன. தென்றி ஒவ்வொரு காலாகச் சுற்றி வந்து மூக்கால் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஆடவில்லை. சூரியன் மறைந்தது. அவள் அப்படியே படிக்கட்டடியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓலையை விலக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். பாசோ கூரையில் நின்றபடியே குதித்தான்.

"அநியாயம்! ஏமாற்று! தலைவரே, நீங்களே இதற்கு உடந்தையா? காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். நான் சொன்ன இடத்துக்கு இவர்கள் போகவில்லை!"

"அப்படியா?" என்றார் தலைவர். கஞ்சிச் சட்டியிலிருந்து முகத்தை நிமிர்த்தினார். "நீ எந்த இடத்துக்குப் போகச் சொன்னாய்?"

பாசோ வாயைத் திறந்தான். கீழே பார்த்தான். எட்டு எருமைகளும் ஆறு பன்றிகளும் நான்கு மான்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஆமைகூடச் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தது.

"சொல்லு பாசோ. ஊரே கேட்கிறது. எங்கே போகச் சொன்னாய்?"

பாசோ வாயை மூடினான். மறுபடி திறந்தான்.

"இங்கேதான்" என்றான், மெல்லிய குரலில்.

"அப்புறம் என்ன?" என்றார் தலைவர். "வந்துவிட்டோமே."

நீதி: வழி சொல்பவர் பேச்சைக் கேட்கலாம், சுமந்து நடக்கும்போது நம் காலையும் கேட்க வேண்டும்.