குறுக்காற்றுப் பாலம்

ஞானசௌந்தரி மூன்று முறை சட்டமன்றத்துக்குப் போனவர். தம்பி கோமதிநாயகத்துக்கு அரசியல் அவர் சொல்லிக்கொடுத்தது. ஐம்பது வயதில் தானும் எம்.எல்.ஏ. ஆன பிறகும், அக்காவைக் கேட்காமல் அவன் ஒரு காரியம் செய்வதில்லை.

ஆத்தங்குறிச்சிக்குப் பாலம் கட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் அவன் ஓட்டு வாங்கினான். சட்டமன்றத்தில் எழுந்து எழுந்து கேட்டான். கூட்டத்தொடர் தவறினாலும் அவன் கேள்வி தவறாது. ஒருவழியாகப் பாலம் வந்தது. திங்கட்கிழமை அமைச்சர் வந்து திறக்க வேண்டும். அவனுக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி அநேகமாக உறுதி என்றும் பேச்சு அடிபட்டது.

சனிக்கிழமை மேற்கே மலையில் மழை கொட்டியது. அக்காவும் அவனும் ஊர்க்கரையில் பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே குறுக்காறு பெருக்கெடுத்து, பழைய தரைப்பாலம் கண்முன்னே மூழ்கியது.

அந்த நேரம் பார்த்து ஊருக்குள்ளிருந்து ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே இசக்கியம்மாள், தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி அக்கரையில். பின்னாலேயே ஊரும் திரண்டு வந்தது. புதுப் பாலத்தின் குறுக்கே இரும்புத் தடுப்பும் சிவப்பு ரிப்பனும்.

பாலம் தாங்குமா என்று கோமதிநாயகம் பக்கத்தில் நின்ற பொறியாளரைக் கேட்டான்.

“பாலம் தாங்கும் சார். எல்லாச் சோதனையும் முடிஞ்சது. என் வேலைதான் தாங்காது.”

அமைச்சரின் உதவியாளருக்குப் போன் போட்டான். அய்யாவிடம் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம் என்று பதில் வந்தது. வேனுக்குள் அந்தப் பெண் அலறினாள்.

“அக்கா, நான் இப்ப என்ன செய்யணும்?”

அக்கா சேலையைச் செருகிக்கொண்டு போய்த் தடுப்பின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். எழுபது வயது உடம்பு. தடுப்பு அசையவில்லை.

“அந்தப் பக்கம் நீ பிடி” என்றார்.

பிடித்தான். தடுப்பு நகர்ந்தது. ரிப்பனை அவனே அறுத்து வீசினான். பொறியாளர் அக்கரைக்குப் போன் செய்து, அங்கேயும் வழிவிடச் சொன்னார். வேன் சீறிக்கொண்டு பாய்ந்தது. கீழே செந்நிற வெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு போக, மேலே வேன் போவதைப் பார்த்து ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அது அக்கரையைத் தொட்டதும் எழுந்த குலவைச் சத்தத்தில் ஆற்றின் இரைச்சல் அமுங்கிப்போனது.

பையில் போன் அடித்தது. உதவியாளர்தான். அய்யா திங்கள்வரை பொறுக்கச் சொல்கிறார் என்றார்.

“திறந்தாச்சுங்க. நான்தான் திறந்தேன்” என்றான் கோமதிநாயகம். எதிர்முனையில் இணைப்பு அறுந்தது.

சிறிது நேரத்தில் பெண் குழந்தை, இருவரும் நலம் என்று சேதி வந்தது. அதற்குப் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. அக்கரையோடு நின்றுபோகும் டவுன் பஸ், ஹாரனை அழுத்திக்கொண்டே ஊருக்குள் வந்தது. பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். டிரைவர் கழுத்தில் மாலை விழுந்தது. பால்கேனும் ஆடுமாகச் சனங்கள் அக்கரைக்கும் இக்கரைக்கும் சிரித்துக்கொண்டே போய்வந்தார்கள்.

கோமதிநாயகம் ஓரமாக நின்றிருந்தான். தோளில் இடித்துக்கொண்டு போனவர்கள்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா, பதவி போனாப் போகட்டும். ஒரு ஆள்கூட என்னைத் திரும்பிப் பார்க்கலையே” என்றான்.

அக்கா பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு வெள்ளம் போகுதே, இதை இப்ப யாராவது பார்க்கிறாங்களா?”

“இல்லக்கா.”

“ஆத்தையே மறந்துட்டாங்கப்பா. அதுக்குத்தானே நீ பாலம் கேட்டே?”