கரிச்சான் போய்ப் பாக்காத காலைச் சேதி

ஓடைக்கரைக் காட்டுல ஒரு கரிச்சான் குருவி இருந்துச்சு. அட்டைக் கறுப்பு, கத்திரிக்கோல் மாதிரி வாலு. பேரு சாமிக்கண்ணு. காட்டுக்கே தாசில்தாருன்னு நெனப்பு.

தெனம் விடிஞ்சதும் ஓடையோரமா ஒரு சுத்து பறந்து பாக்கும். அப்புறம் பட்ட மரத்து உச்சியில உக்காந்து தொண்டையைக் கனைச்சுக்கும்.

"கிறீச் கிறீச்! ஓடைப் பக்கம் பயமில்ல. அத்தி மரத்தடியில புல்லு எளசா கெடக்கு. வாங்க."

மானுங்க எறங்கி வரும். மேயுறப்ப குளம்பு பட்டு வெட்டுக்கிளி தெறிச்சுப் பறக்கும். கரிச்சான் லபக்குனு கவ்விட்டுப் போயி குஞ்சுங்களுக்கு ஊட்டும். மானு வந்தாத்தான் அது வீட்டுல சோறு.

ஆனாலும் சில நாளு, "இன்னிக்கு வராதீங்க, மூங்கில் புதர்ல சிறுத்தை படுத்திருக்கு"ன்னு கத்தும். அன்னிக்கு வீட்டுல பட்டினி. தெரிஞ்சேதான் கத்தும். அதுக்காகவே கூட்டம் சேந்துச்சு.

பவளம்னு ஒரு பொட்டை மானு. போன வருஷம் குட்டியைப் பறிகொடுத்தது. இலை அசைஞ்சாலே நடுங்கும். அதுவும் இந்த வருஷத்துக் குட்டியோட வர ஆரம்பிச்சுது.

"அண்ணே, உங்க குரல் கேட்டாத்தான் நான் காலை எடுத்து வைப்பேன்."

"அப்ப எனக்குத் தொண்டை கட்டிக்கிட்டா நீ பட்டினியா தாயி?" கரிச்சான் சிரிச்சுது.

இப்படி நல்லாப் போயிட்டு இருக்கையில, காட்டெருமைக் கூட்டம் ஒண்ணு பக்கத்து மேட்டுக்கு வந்துச்சு. அதுங்களுக்கு யாரு பயம்? இருட்டு விலகுறப்பவே மேயும். காலடியில வெட்டுக்கிளி பொரி மாதிரி பொரியும்.

கரிச்சானுக்கு நாக்கு ஊறிப்போச்சு. 'ஓடையைச் சுத்திட்டு வர்றதுக்குள்ள இதெல்லாம் போயிடுமே'ன்னு ஒரு மைனாவைக் கூப்பிட்டுச்சு. மைனா யாரு குரலையும் அச்சு அசலா எடுக்கும்.

"ஏய், காலைச் சேதியை எனக்குப் பதிலா நீ சொல்லிடு."

"என்ன சொல்லணும் மாமா?"

"நேத்து சொன்னதையேதான். என் குரல்ல சொல்லு."

"ஓடைப் பக்கம் போய்ப் பாத்துட்டு வரவா?"

"பாக்குறதுக்கு அங்க என்ன தேர் ஓடுதா? சொன்னாப் போதும்டா."

மைனா சொல்லுச்சு. மானுங்க வந்துச்சுங்க. ஒண்ணும் ஆகல. மறுநாளும் ஆகல. கரிச்சான் வயிறு பானையாச்சு.

ஒரு நாள் காலையில மைனா, "பயமில்ல, வாங்க"ன்னுச்சு. பவளம் எறங்கி வந்துச்சு. மூங்கில் பக்கமிருந்து ஏதோ வாடை மூக்குல பட்டுச்சு. தலையைத் தூக்குச்சு. 'அண்ணன் குரலாச்சே'ன்னு திரும்பவும் புல்லுல வாயை வச்சுது.

குட்டி ஒரே ஒரு தடவைதான் கத்துச்சு.

சத்தம் கேட்டு, கவ்வுன வெட்டுக்கிளியோட கரிச்சான் பறந்து வந்துச்சு. சிறுத்தை போயிருந்துச்சு. குட்டியும்.

"அண்ணே," பவளம் மெதுவாக் கேட்டுச்சு, "காலையில மூங்கில் பக்கம் போனீங்களா?"

கரிச்சான் வாயிலிருந்து வெட்டுக்கிளி விழுந்துச்சு. "நான் போகல தாயி. மைனாவைச் சொல்லச் சொன்னேன்."

"வாடை அடிச்சுதுண்ணே. என் மூக்கை நம்பல. உங்களை நம்பினேன்."

திட்டியிருந்தாக்கூடத் தேவல. பவளம் அதோட நடந்து போயிடுச்சு.

மறுநாள் கரிச்சான் புதர் புதரா நுழைஞ்சு பாத்துச்சு. பனியில றெக்கை நனைஞ்சு போச்சு. மரத்து உச்சியில உக்காந்து, "பயமில்ல, நானே பாத்தேன், வாங்க"ன்னு தொண்டை கிழியக் கத்துச்சு. அத்தனையும் நெசம்.

மானுங்க தூரத்துல நின்னு கேட்டுச்சுங்க. பவளம் திரும்பி மலைப் பக்கம் நடந்துச்சு. மொத்தக் கூட்டமும் அது பின்னாலயே போச்சு. காட்டெருமையும் வேற மேட்டுக்குப் போயிடுச்சு. கூட்டுல குஞ்சுங்க வாயைத் தொறந்துக்கிட்டே இருந்துச்சுங்க.

நம்ம பேச்சை நம்பிக் காது குடுக்குறவங்களுக்கு, நம்ம கண்ணு பாக்காத சேதியை நம்ம குரல்ல அனுப்பவே கூடாது.