கடுகளவு வெள்ளை

ஒரு வரைபட மேசையில் நீலம் என்றொரு வண்ணம் இருந்தது. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் படர வேண்டியது அதன் பிழைப்பு. அன்று காலையிலிருந்து ஒரு கடலையும் நாலு ஆறுகளையும் முடித்துவிட்டு, இடுப்பொடிந்துபோய் ஒரு பெரிய ஏரிக்கு வந்து சேர்ந்தது.

ஏரிக்குள் ஒரு தீவு. "நில்லுங்கண்ணே, இது கரை," என்றது கறுப்புக் கோடு. நீலம் நின்றது, சுற்றிக்கொண்டு போனது. தீவுக்குள் ஒரு குளம். "இதுக்குள்ள இறங்கணும்ணே." இறங்கியது. குளத்துக்குள் கடுகளவில் ஒரு வட்டம், உள்ளே வெறும் வெள்ளை.

"இது என்னடா கூத்து? தண்ணிக்குள்ள தரை, தரைக்குள்ள தண்ணி, மறுபடியும் தரையா? எனக்கு முடியலப்பா."

"அது மேட்டுத் திட்டுண்ணே. அங்கயும் நிக்கணும்."

வெள்ளை மெல்லப் பேசியது. "எங்கிட்ட மூணு வீடு இருக்குண்ணே. குருவம்மான்னு ஒருத்தி, அவ மாமியா, ஆறு ஆடு. வெள்ளம் வந்தா இந்தப் படத்தைப் பார்த்துத்தான் படகு வரும். கொஞ்சம் ஒதுங்கிப் போயிடுங்க."

நீலத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அலுப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. இத்தனை பெரிய படத்தில் இந்தக் கடுகை யார் தேடப் போகிறார்கள்? "நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று கண்ணை மூடிக்கொண்டு கோட்டையும் மூடிப் படர்ந்தது. மறுநாள் காலையில் படத்தைச் சுருட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஓர் ஐப்பசியில் வெள்ளம் வந்தது. ஏரி, தீவின் மேலேறிக் குளத்தோடு கலந்துவிட்டது. தீவுக்காரர்களையெல்லாம் கரைசேர்த்த படகில், நனையாதபடி உறை போட்ட படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்தப் பக்கம் யாரோ கூப்புடற மாதிரி கேக்குது," என்றான் படகோட்டி.

மழை கண்ணை மறைத்தது. அதிகாரியும் பாவம், மூன்று நாளாகத் தூங்காதவர். படத்தில் விரலை வைத்தார். அது நீலத்தின் மேல் விழுந்தது.

"அங்க வெறும் தண்ணிதான்யா. காத்துச் சத்தமா இருக்கும். திருப்பு."

நீலத்துக்குக் கேட்டது. குருவம்மாவின் குரல், ஆடுகளின் குரல். தன் அடியில் வெள்ளை இன்னும் அப்படியேதான் கிடந்தது. கடுகளவு விலகினால் போதும். உள்ள பலத்தையெல்லாம் கூட்டி நீலம் விலகப் பார்த்தது.

அது காய்ந்து மூன்று வருஷமாகியிருந்தது.