சபைக்குள் வராத கடற்காற்று

ஒரு காகத்துக்குப் பயந்து ஒரு சபையையே வேகவைத்த புத்திசாலிகளின் கதை இது. அப்படிப்பட்டவர்கள் எப்போதும் பெரிய பதவியில்தான் இருப்பார்கள்.

அலைவாய்ப்பட்டினத்து அரசர் சேதுராயருக்கு அமைச்சர் வல்லபராயர் புதிய சபாமண்டபம் கட்டிக்கொடுத்தார். கடலைப் பார்த்து ஏழு சன்னல்கள். ஆனால் உள்ளே ஒரு திரைச்சீலைகூட அசையவில்லை. சித்திரை வெயிலில் சபை கூடினால் புலவர்கள் பாட்டைப் பாதியில் விட்டு முகம் துடைத்தார்கள். விசிறி வீசிய இருவர் மயங்கி விழுந்தார்கள்.

காரணம், கூரையில் ஒரு துவாரம்கூட இல்லை. அரசரின் பாட்டனார் முடிசூடியபோது கூரை இடுக்கில் இருந்த காகம் ஒன்று கிரீடத்தின் மேல் எச்சமிட்டுவிட்டது. அன்றிலிருந்து ஒரு சட்டம்: அரசரின் தலைக்கு மேல் துளை இருக்கக் கூடாது. துளையிட்டவன் கை போகும்.

சபையில் வேடிக்கை பேசும் பொன்னரங்கன் முன்பு மடப்பள்ளியில் அடுப்பெரித்தவன். கூரையைத் திறந்தால் காற்று வரும் என்று அமைச்சரிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தான். அவர் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

"அடுப்பூதிக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும்?" என்றார்.

அதோடு விட்டாரா? இவனுடைய அபசகுனப் பேச்சால்தான் வாயு பகவான் வாசலோடு திரும்பிப் போகிறார் என்று அரசரிடம் போட்டுக்கொடுத்தார். வியர்வையில் நனைந்திருந்த அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் சபைக்குள் காற்று வர வேண்டும், இல்லையென்றால் பொன்னரங்கன் நாட்டைவிட்டே போக வேண்டும் என்று உத்தரவிட்டார். அவன் மனைவி அன்றைக்கே பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

பொன்னரங்கன் ஒன்றே ஒன்று கேட்டான். அவன் செய்வதை நண்பகல்வரை யாரும் தடுக்கக் கூடாது. அரசர் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை அவன் மடப்பள்ளியின் பெரிய இரும்பு அடுப்பை ஆள் வைத்துத் தூக்கிவந்து சபை நடுவில் வைத்தான். விறகை மூட்டினான். மேலே ஈரத் தென்னை மட்டைகளையும் போட்டான்.

"இருக்கிற சூடு போதாதென்று நெருப்பு வேறா?" என்று அமைச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் முடிந்தது.

புகைக்கு மேலே போக வழி இல்லை. தூண்கள் மறைந்தன. அரசர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். அங்கே நின்று, கூரையை உடனே பிரிக்கச் சொல்லிக் கத்தினார். அமைச்சரோ சிம்மாசனத்தருகே நின்றுகொண்டு, தொடக் கூடாது, தொடக் கூடாது என்று தடுத்துப் பார்த்தார். வீரர்கள் அரசர் சொல்லைத்தான் கேட்டார்கள். கூரைமேல் ஏறி ஈட்டியால் குத்தி, சிம்மாசனத்துக்கு நேர் மேலே உச்சியில் பத்து ஓடுகளைப் பெயர்த்தார்கள்.

புகையும் அனலும் குபுகுபுவென்று மேலே ஏறிப் போயின. அடுத்த கணம் ஏழு சன்னல்களிலும் கடற்காற்று உள்ளே பாய்ந்தது. திரைகள் படபடத்தன. அமைச்சரின் தலைப்பாகை உருண்டு அரசரின் காலடிக்கு வந்தது.

"எப்படியடா இது?" என்றார் அரசர்.

"அடுப்பில் நான் தினமும் பார்த்ததுதான், மகாராஜா. சூடான காற்று மேலே ஏறும். அது விட்டுப்போன இடத்துக்குக் குளிர்ந்த காற்று கீழ்வழியாக ஓடிவரும். மேலே வழியை அடைத்துவிட்டால், இருப்பது போகாது, வருவதும் வராது. இனி அடுப்புகூட வேண்டாம். வெயிலில் காயும் கூரை ஓடுகளும் இத்தனை பேரின் மூச்சும் போதும்."

அமைச்சர் விடவில்லை. "சட்டம் என்ன ஆவது? அரசர் தலைக்கு மேல் துளை போட வைத்திருக்கிறான். கையை வெட்டுங்கள்" என்றார்.

"அரசர் அப்போது வாசலில் அல்லவா நின்றார்?" என்றான் பொன்னரங்கன். "துளை விழுந்தபோது அதற்கு நேர் கீழே இருந்தது அமைச்சர் தலை. அந்தத் தலையைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை."

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சிம்மாசனத்தைக் காற்று வரும் சன்னலோரம் நகர்த்தச் சொன்னார். "அப்படியானால் துளைக்குக் கீழே யாரை உட்கார வைப்பது?"

"அமைச்சரைத்தான், மகாராஜா. காகம் வருமென்று இத்தனை நாள் காத்திருந்தவர் அவர் ஒருவர்தானே?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னரங்கனுக்குப் போட்டார்.

மறுநாள் சபைக்கு வல்லபராயர் தாழங்குடையோடு வந்தார்.